எந்தச் செல் லைனை எடுப்பது? புற்றுநோய் நிர்ப்பீடன ஆய்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஓர் ஒப்பீடு

திருகோணமலை கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் முடித்தவர்களும், மட்டக்களப்பு வந்தாறுமூலையில் உயிரியல் படித்தவர்களும் மேல் ஆய்வுக்காகக் கொழும்புக்கோ பேராதனைக்கோ வெளிநாட்டுக்கோ போகும்போது, சிலர் புற்றுநோய் நிர்ப்பீடன சிகிச்சையைத் தலைப்பாக எடுக்கிறார்கள். மருந்து நேரடியாகப் புற்றைக் கொல்வது ஒரு வழி. நோயாளியின் நிர்ப்பீடனத் தொகுதியையே, அதாவது உடலின் நோயெதிர்ப்பு அமைப்பையே, எழுப்பிவிட்டுப் புற்றைத் தாக்கச் செய்வது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழிக்காகத்தான் 2018 இல் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹொன்ஜோவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அலிசனின் ஆய்வு எலிக் கட்டிகளில் தொடங்கியது. இன்றைக்கும் புதிதாக ஒரு யோசனை வந்தால் முதலில் பார்ப்பது எலியில்தான்.

அங்கேதான் முதல் மாதத்திலேயே ஒரு முடிவு எடுக்க வேண்டி வருகிறது. எந்த எலிப் புற்றுக்கலங்களை வாங்குவது? ஆய்வுகூடத்தில் தொடர்ந்து வளர்த்துவரும் இப்படியான கலங்களின் வரிசையைத்தான் செல் லைன் என்கிறோம். பட்டியலைத் திறந்தால் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒன்று ஒளிரும், ஒன்றில் முட்டைப் புரதம் சேர்த்திருக்கும், ஒன்றில் ஒரு மரபணுவை வெட்டி எடுத்திருப்பார்கள், ஒன்றில் மனிதப் புரதம் இருக்கும். கூடுதலாக மாற்றியதுதான் கூடுதலாகப் பயன்படும் என்று நினைப்பது இயல்பு. என் கருத்து நேர்மாறானது. நிர்ப்பீடன ஆய்வில், நீங்கள் கலத்துக்குள் வைக்கும் எதையும் எலியின் நிர்ப்பீடனத் தொகுதி பார்க்கும். ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில் தரக்கூடிய லைன்களில் எது மிகக் குறைவாக மாற்றப்பட்டதோ அதை எடுங்கள். ஏன் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் விலக்க வேண்டியவற்றை விலக்கிவிடுவோம். நம் நாட்டு மூலிகை ஆய்வுகளில் எம்சிஎஃப்-7, ஹீலா, ஹெப்ஜி2 போன்ற மனிதப் புற்றுக்கலங்கள் பழக்கமானவை. சாற்றை ஊற்றி, எத்தனை கலம் செத்தது என்று எம்டிடி சோதனையில் பார்ப்பார்கள். நஞ்சுத்தன்மையைப் பார்க்க அது சரி. ஆனால் மனிதக் கலத்தைச் சாதாரண எலிக்குள் போட்டால் எலி அதை அந்நியம் என்று தள்ளிவிடும். தள்ளாமல் இருக்க மயிரில்லாத நியூட் எலி வேண்டும். அதற்குத் தைமஸ் சுரப்பி இல்லை, அதனால் அந்நியத்தைக் கண்டு கொல்லும் நிர்ப்பீடனக் கலங்களான டி-கலங்களும் இல்லை. டி-கலமே இல்லாத எலியில் டி-கலத்தை எழுப்பும் சிகிச்சையை எப்படிச் சோதிப்பது? ஆகவே எலிப் புற்று, அதே இன எலிக்குள். வேறு வழியில்லை.

அதே இனம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இங்கே ஆய்வுகூடங்களில் எளிதாகக் கிடைக்கும் வெள்ளைச் சுண்டெலிகள் ஐசிஆர் வகை. அவை உள்ளினப்பெருக்கம் செய்யப்படாதவை, ஒன்றின் திசு இன்னொன்றுக்கு ஒத்துப்போகாது. அவற்றில் எலிப் புற்றைப் போட்டு, கட்டி சுருங்கிவிட்டது, என் மருந்து வேலை செய்கிறது என்று எழுதினால், நடந்தது உறுப்பு மாற்றத்தில் நடக்கும் நிராகரிப்பாகத்தான் இருக்கும். செல் லைன் எந்த இன எலியிலிருந்து வந்ததோ அந்த இன எலிதான் வேண்டும். பெரும்பாலானவை இரண்டே இனங்கள்: கறுப்பு நிற சி57பிஎல்/6, வெள்ளை நிற பால்ப்-சி. உங்கள் ஆய்வுகூடத்துக்கு எது தொடர்ந்து கிடைக்கும் என்று முதலில் கேளுங்கள். எலி உறுதியான பிறகு லைனைத் தேடலாம். எலி ஆணா பெண்ணா என்றும் பார்க்க வேண்டும். ஆண் எலியிலிருந்து வந்த லைனைப் பெண் எலிக்குள் போட்டால், ஒய் நிறமூர்த்தத்தின் புரதங்களே நிராகரிப்பைத் தூண்டக்கூடும்.

சரி, மாற்றம் செய்யாத லைன்களைப் பார்ப்போம். பி16 என்ற மெலனோமா, அதாவது தோலின் நிறமிக் கலப் புற்று, 1954 இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுகூடத்தில் ஒரு கறுப்பு எலியில் தானாகவே தோன்றியது. அதிலிருந்து நுரையீரலுக்குப் பரவும் கலங்களைத் திரும்பத் திரும்பத் தெரிவுசெய்து எடுத்ததுதான் பி16-எஃப்10. இது மிகப் பிடிவாதமானது. கலத்துக்குள் உள்ள புரதத் துண்டுகளை டி-கலங்களுக்குக் காட்டும் எம்எச்சி முதல் வகைப் புரதம் இதன் மேற்பரப்பில் குறைவு, அதனால் டி-கலங்களுக்கு எளிதில் தென்படாது. டி-கலத்தின் பிரேக்கான பிடி-1 புரதத்தைத் தடுக்கும் மருந்தை (பிடி-1 தடுப்பு) மட்டும் கொடுத்தால் பெரிதாக அசையாது. எம்சி38 அதே கறுப்பு எலிக்குரிய குடல் புற்று, ஒரு வேதிப்பொருளால் உண்டாக்கப்பட்டது. விகாரங்கள், அதாவது மரபணுவில் ஏற்பட்ட பிழைகள், நிறைய, பிடி-1 தடுப்புக்கு நன்றாகவே பதில் தரும். பால்ப்-சி எலிக்கு அதே இடத்தில் இருப்பது சிடி26. 4டி1 பால்ப்-சி எலியின் மார்பகப் புற்று. மார்பில் வைத்தால் தானாக நுரையீரல், ஈரல், எலும்பு என்று பரவும்.

இதிலிருந்தே ஒரு விஷயம் தெரிகிறது. உங்கள் மருந்து எம்சி38 இல் வேலை செய்தால் அதை ஒரு தொடக்கமாக எடுக்கலாம். பி16-எஃப்10 இலும் வேலை செய்தால் கவனிக்க வேண்டிய விஷயம். ஒன்றில் மட்டும் காட்டிவிட்டுப் புற்றுநோயை வென்றதாக எழுதும் கட்டுரைகள் எனக்குக் கவலை தருகின்றன. இலகுவான ஒன்று, கடினமான ஒன்று என்று இரண்டு லைன்களை எடுப்பது, ஒரே லைனின் நான்கு மாற்றிய வடிவங்களை வாங்குவதை விட மேல்.

இனி மாற்றிய லைன்கள். இவற்றில் அதிகம் பயன்படுவது ஓவா சேர்த்தது. கோழிமுட்டை வெள்ளைக்கருவில் உள்ள ஓவல்புமினின் மரபணுவை பி16 அல்லது எம்சி38 கலத்துக்குள் செருகிவிடுவார்கள். அந்தப் புரதத்தின் எட்டு அமினோ அமிலத் துண்டு ஒன்று கறுப்பு எலியின் எம்எச்சியில் உறுதியாக அமர்ந்துகொள்ளும். அந்தத் துண்டை மட்டுமே அடையாளம் காணும் டி-கலங்களைக் கொண்ட ஓடி-1 என்ற எலியும் இருக்கிறது. ஆகவே எத்தனை டி-கலம் கட்டிக்குள் போனது, எத்தனை களைத்துப்போனது, எத்தனை நினைவுக் கலமாக மாறியது என்று துல்லியமாக எண்ணலாம். இந்த வசதியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். டி-கலத்தின் பயணத்தைப் பின்தொடர்வதுதான் உங்கள் கேள்வி என்றால் இதற்கு இணை இல்லை.

ஆனால் மருந்து நல்லதா என்பது கேள்வி என்றால் ஓவா ஆபத்தானது. கோழிப் புரதம் எலிக்கு முழு அந்நியம். மனிதப் புற்றில் இவ்வளவு பலமான அடையாளம் அபூர்வம். ஓவா கலத்தை வைத்து மருந்தின் பலத்தை அளப்பது, களவெடுக்க வந்தவன் கையில் தீப்பந்தத்தைக் கொடுத்துவிட்டுக் காவல்காரனின் கண்பார்வையை மெச்சுவது போல. அதோடு, நிர்ப்பீடன அழுத்தம் கூடும்போது ஓவாவை இழந்த கலங்கள் மட்டும் தப்பி வளரும். கட்டி திரும்பி வந்ததற்கு மருந்து தோற்றது காரணமா, ஓவா போனது காரணமா என்று பிறகு பிரித்தறிய வேண்டியிருக்கும்.

இதற்கு மாற்று வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. சிடி26 கலத்தில் எலியின் மரபணுத்தொகுதியிலேயே உறைந்திருக்கும் ஒரு பழைய ரெட்ரோவைரஸின் ஜிபி70 புரதம் வெளிப்படுகிறது. அதன் ஏஎச்1 என்ற துண்டை அடையாளம் காணும் டி-கலங்களை எண்ணும் வசதி ஏற்கெனவே உண்டு. பி16 இல் ஜிபி100 என்ற நிறமிப் புரதம் இருக்கிறது, அதைக் காணும் டி-கலங்களைக் கொண்ட பிமெல்-1 எலியும் இருக்கிறது. இவை கலத்தின் சொந்த அடையாளங்கள். சமிக்ஞை மெலிதாக இருக்கும், சோதனை கடினமாக இருக்கும், ஆனால் நோயாளியின் உடலில் நடப்பதற்கு இது கிட்ட நிற்கிறது.

அடுத்தது ஒளிரும் லைன்கள். மின்மினியின் லூசிபெரேஸ் மரபணுவைச் சேர்த்திருப்பார்கள். லூசிபெரின் ஊசி போட்டு, இருட்டுப் பெட்டிக்குள் உள்ள கமராவில் பார்த்தால், எலியைக் கொல்லாமலே கட்டி எங்கே பரவியது என்று தெரியும். படமாகப் பார்க்க மிக அழகு. முதலாவது கேள்வி, அந்தக் கமரா உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் லூசிபெரேஸ் வெறும் அந்நியப் புரதம்தான். இருந்தாலும் கவனம் வேண்டும். லூசிபெரேஸும் பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பியும் எலியின் நிர்ப்பீடனத்தைத் தூண்டக்கூடியவை, அதிலும் பால்ப்-சி எலியில் ஜிஎஃப்பிக்கு எதிரான எதிர்வினை பலமானது. பி16 இல் இன்னொரு தொல்லை, கலத்தின் கறுப்பு நிறமியே ஒளியை உறிஞ்சிவிடும்.

தோலடியில் வளரும் கட்டிக்குக் கமரா தேவையே இல்லை. பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் பிடித்த அதே வேணியர் இடுக்கிமானி போதும். நீளத்தை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் பிரித்தால் கனவளவு கிடைக்கும். பரவலைப் பார்க்க வேண்டுமென்றால் 4டி1 இல் எனக்கு மிகவும் பிடித்த ஒரு குணம் உண்டு. அந்தக் கலங்கள் 6-தயோகுவானின் என்ற மருந்துக்குச் சாவதில்லை. எலியின் நுரையீரலை எடுத்து, நொதியத்தால் பிரித்து, 6-தயோகுவானின் கலந்த ஊடகத்தில் வளர்த்தால் எலியின் சாதாரணக் கலங்கள் செத்துப்போகும், புற்றுக்கலங்கள் மட்டும் கூட்டங்களாக வளரும். சாயமேற்றி எண்ணிவிடலாம். கோடிக்கணக்கில் பெறுமதியான இயந்திரம் செய்யும் வேலையின் பெரும்பகுதியை ஒரு தட்டும் ஒரு போத்தல் ஊடகமும் செய்து தருகின்றன, அதுவும் அந்நியப் புரதம் எதையும் சேர்க்காமல். பி16-எஃப்10 ஐ வால் நாளத்தில் செலுத்தினால் இன்னும் எளிது. இரண்டு மூன்று கிழமையில் நுரையீரலில் கறுப்புப் புள்ளிகள் வெறும் கண்ணுக்கே தெரியும். இந்த முறைகளில் எலியைக் கொன்றுதான் எண்ண முடியும், அதனால் எலிகளின் எண்ணிக்கை கூடும் என்பது உண்மையான குறை. கமரா இருக்கும் இடத்தில் அந்தக் காரணத்துக்காகவே லூசிபெரேஸ் பக்கம் தராசு சாயலாம்.

மரபணு மாற்றம்தான் சரியான தெரிவு என்ற இடங்களும் இருக்கின்றன. அங்கே தயங்கக் கூடாது.

ஒன்று, கலத்தையே மருந்தாக்குவது. 1993 இல் கிளென் டிரனொஃபும் கூட்டாளிகளும் பி16 கலத்துக்குள், நிர்ப்பீடனக் கலங்களை எழுப்பும் ஜிஎம்-சிஎஸ்எஃப் புரதத்தின் மரபணுவை வைத்து, கதிர்வீச்சால் வளரவிடாமல் செய்து, தடுப்பூசியாகக் கொடுத்தார்கள். 1999 இல் அலிசனின் குழு அதே தடுப்பூசியோடு, டி-கலத்தின் இன்னொரு பிரேக்கான சிடிஎல்ஏ-4 இன் தடுப்பைச் சேர்த்தபோது, தனியாக எதற்கும் அசையாத பி16 கட்டிகள் மறைந்தன. நிறமிக் கலங்களும் தாக்கப்பட்டதால் எலிகளின் கறுப்பு ரோமம் திட்டுத் திட்டாக வெளுத்தது. இதில் மாற்றிய கலம் மருந்து, மாற்றாத பி16 தான் எதிரி. இந்தப் பிரிவினை சோதனையை நேர்மையாக வைத்திருக்கிறது.

இரண்டாவது, மனித மருந்தை எலியில் பார்ப்பது. நோயாளிகளுக்குக் கொடுக்கும் பிடி-1 தடுப்பு மருந்துகளான பெம்புரோலிசுமாப், நிவோலுமாப் இரண்டும் எலியின் பிடி-1 புரதத்தோடு ஒட்டுவதில்லை. அதனால் மனித பிடி-1 கொண்ட எலி, பிடி-1 ஐ அழுத்தும் மனித பிடி-எல்1 புரதம் கொண்ட எம்சி38 என்று சோடியாக வாங்குகிறார்கள். மருந்து நிறுவனத்துக்கு இது தேவை. ஒரு எம்.பில். மாணவருக்கு அநேகமாகத் தேவையில்லை. எலியின் பிடி-1 ஐத் தடுக்கும் ஆர்எம்பி1-14 என்ற பிறபொருளெதிரி கிடைக்கிறது, சாதாரண எம்சி38 இல் அதை வைத்தே பிடி-1 பற்றிய கேள்விகளைக் கேட்டுவிடலாம்.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுவது: ஒரு மரபணுவை நீக்கிய லைன்கள். 2016 இல், பெம்புரோலிசுமாபுக்கு முதலில் பதில் தந்து பிறகு நோய் திரும்பிய மெலனோமா நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்தபோது ஜாக்1, ஜாக்2, பி2எம் மரபணுக்களில் விகாரங்கள் தெரிந்தன. பி2எம் போனால் எம்எச்சி முதல் வகை மேற்பரப்புக்கு வராது, டி-கலத்துக்குப் புற்று தெரியாது. ஜாக் போனால், டி-கலங்கள் விடும் இன்டர்ஃபெரோன் என்ற சமிக்ஞைப் புரதத்தின் கட்டளை உள்ளே போகாது. இந்த நோயாளிகளுக்கு அடுத்து என்ன கொடுப்பது என்று கேட்கிறவருக்கு பி2எம் நீக்கிய எம்சி38 வேண்டும். அங்கே மாற்றம்தான் கேள்வியே. 2017 இல், மரபணுவைக் குறிவைத்து வெட்டும் கிறிஸ்பர் முறையால் பி16 இன் ஆயிரக்கணக்கான மரபணுக்களை நீக்கி எலியில் வளர்த்துப் பார்த்து, பிடிபிஎன்2 என்ற மரபணு போனால் புற்று நிர்ப்பீடன சிகிச்சைக்குப் பணிந்துவிடுகிறது என்று கண்டுபிடித்ததும் இதே வழியில்தான்.

ஆனால் வெட்டும் விதத்தில் கவனம் இருக்கட்டும். கிறிஸ்பரில் வெட்டும் வேலையைச் செய்யும் காஸ்9 பக்டீரியாவின் புரதம். கலத்தில் நிரந்தரமாக இருந்தால் அதையும் எலி அந்நியமாகக் காணும். காஸ்9 ஐப் புரதமாகவே கொடுத்து, வேலை முடிந்து சில நாளில் அழிந்துபோக விடும் முறையில் செய்த லைனைக் கேளுங்கள். இன்னொன்று, தனிக் கலம் ஒன்றிலிருந்து வளர்த்த வரிசை. தாய் லைன் என்பது பல வித கலங்களின் கலவை. அதில் ஒரே ஒரு கலத்தை எடுத்து வளர்த்தால், மரபணுவை நீக்கியதால் வந்த மாற்றமும், கலவை போய் ஒருமை வந்ததால் ஏற்பட்ட மாற்றமும் கலந்துவிடும். யார்டெனா சாமுவேல்ஸின் குழு 2019 இல் காட்டியது இதைத்தான்: புற ஊதாக் கதிர் பட்டு விகாரங்கள் கூடிய பி16 கலவை எலியில் வளர்ந்தது, அதே கலவையிலிருந்து எடுத்த தனி வரிசைகளை எலிகளின் நிர்ப்பீடனம் தள்ளிவிட்டது. ஆகவே நீக்கிய லைனோடு மாற்றாத தாய் லைனை மட்டும் ஒப்பிட்டால் போதாது. அதே வேலையெல்லாம் செய்து, எந்த மரபணுவையும் தொடாத வழிகாட்டி ஆர்என்ஏ (காஸ்9 எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டுவது) கொடுத்த வரிசையும் வேண்டும், முடிந்தால் இரண்டு மூன்று.

மனிதப் புற்றின் காரண மரபணுக்களையே எலியில் மாற்றி, வந்த கட்டியிலிருந்து எடுத்த லைன்களும் உண்டு. கணையப் புற்றுக்கு கேபிசி, மெலனோமாவுக்கு பிராஃப் விகாரத்தோடு யேல் பல்கலைக்கழகம் தந்த யம் வரிசை. இவை நோயின் காரணத்தில் மனிதருக்குக் கிட்ட நிற்கின்றன, ஆனால் விகாரங்கள் மிகக் குறைவு, நிர்ப்பீடனத்துக்குப் பிடிபடுவதும் குறைவு. யம்1.7 க்குப் புற ஊதாக் கதிர் காட்டி விகாரங்களைக் கூட்டியதுதான் யம்மர்1.7. மெலனோமாதான் தலைப்பு என்றால் இந்தச் சோடி பி16 ஐ விட நல்லது என்பேன்.

நம் பக்கத்து நோயைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இலங்கை ஆண்களில் முதலிடத்தில் நிற்பது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லாத குடும்பம் நம் ஊரில் எத்தனை இருக்கிறது? பாக்கே புற்றை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வகைப்படுத்திவிட்டது. திருகோணமலையிலிருந்து மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு இரவு பஸ் ஏறும் குடும்பங்களை நினைத்தால், ஏன் நம் பிள்ளைகள் எல்லோரும் மெலனோமாவையே எடுக்கிறார்கள் என்று எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. எலியின் வாய்ப் புற்று லைன்கள் இருக்கின்றன. எம்ஓசி1 மெதுவாக வளரும், டி-கலங்கள் உள்ளே வரும். எம்ஓசி2 மூர்க்கமானது, நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவும். இரண்டும் கறுப்பு எலிக்குரியவை, இரண்டும் லைனான பிறகு மரபணு செருகப்படாதவை. நான் மேலே சொன்ன இலகு-கடினம் சோடி கையிலேயே கிடைத்துவிடுகிறது. 4என்கியூஓ என்ற வேதிப்பொருளால் உண்டாக்கிய 4எம்ஓஎஸ்சி வரிசையில் புகையிலை விட்டுச்செல்லும் விகாரங்களை ஒத்த சாயல் உண்டு, எலியின் நாக்கிலேயே வளர்க்கலாம். பாக்குக்கென்றே இந்த லைன்கள் உருவாக்கப்படவில்லை என்பது குறைதான். இருந்தாலும் தோலில் வரும் கறுப்புக் கட்டியை விட இவை நமக்குக் கிட்ட.

இப்போது முடிவுக்கு வருவோம். சித்த மருத்துவம் படித்த ஒருவர், சீந்தில் சாறு பிடி-1 தடுப்புக்குத் துணை செய்யுமா என்று பார்க்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். என் தெரிவு எம்ஓசி1, எம்ஓசி2. பால்ப்-சி எலிதான் கிடைக்கும் என்றால் சிடி26, 4டி1. ஓவா வேண்டாம், லூசிபெரேஸ் வேண்டாம். சாற்றில் முதலில் எண்டொடொக்சின் பார்த்துவிடுங்கள், பக்டீரியாவின் அந்த எச்சம் சிறிதளவு இருந்தாலே நிர்ப்பீடனம் எழும்பிவிடும், பெயர் சீந்திலுக்குப் போகும். ஏன் வேலை செய்கிறது என்ற அடுத்த கட்டம் வரும்போது அதே எம்ஓசி1 இல் ஒரு மரபணுவை நீக்கிய லைனுக்குப் போகலாம். வெளிநாட்டில், கமராவும் ஓடி-1 எலியும் உள்ள ஆய்வுகூடத்தில் டி-கலத்தின் களைப்பைப் படிக்கப் போகிறவர் எம்சி38-ஓவா எடுக்கட்டும், தாய் லைனோடு. இந்த இரண்டு பேருக்கும் ஒரே லைனைச் சொல்லும் ஆலோசகரை நம்பாதீர்கள்.

கலங்களை வைத்திருப்பதும் தெரிவில் சேர்த்தி. உறைந்த குப்பி உலர்பனியில் வரும், அதன் வெப்பநிலை மறை 78.5 பாகை. கச்சான் அடிக்கிற மாதங்களில் பெட்டி ஒரு நாள் தாமதித்தாலும் உள்ளே என்ன மிஞ்சும் என்று யோசியுங்கள். வந்தவுடன் மறை 196 பாகை திரவ நைதரசனுக்குள் போக வேண்டும். 2022 இல் நாடு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்டது. அந்த மாதிரி நேரத்தில் உறைபெட்டியை விட, கரண்ட் தேவைப்படாத நைதரசன் தாங்கிதான் காப்பாற்றும். மாற்றிய லைன் என்றால் சுமை இரட்டிப்பு: தாய் லைன், கட்டுப்பாட்டு வரிசைகள், செருகிய மரபணுவைக் கலம் இழக்காமல் வைத்திருக்க ஜி418 போன்ற மருந்து, உயிர்ப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி, வேறு ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கமாட்டேன் என்ற ஒப்பந்தம்.

வாங்கும் முன் விற்பவருக்கு எழுதும் மின்னஞ்சலில் இவற்றைக் கேளுங்கள்: எந்த இன எலி, ஆணா பெண்ணா, எத்தனையாவது தடவை பிரித்து வளர்த்தது, கலங்களில் கண்ணுக்குத் தெரியாமல் தொற்றும் மைக்கோபிளாஸ்மா என்ற பக்டீரியாவுக்கான சோதனை எப்போது நடந்தது, எந்த வைரஸ் வழியாக மரபணு போனது, உள்ளே எந்த மருந்தெதிர்ப்பு மரபணு மிஞ்சியிருக்கிறது, தனிக் கல வரிசையா கலவையா, அதே குப்பியிலிருந்து வந்த தாய் லைன் தர முடியுமா. கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் வேறு இடத்தில் வாங்குங்கள்.